ஏதேனுக்கு வழி கேட்டவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஏதேன் தோட்டம் எங்கே இருந்தது என்று தேடிப் புறப்பட்டவர்கள் கையில் இருந்த முகவரி மொத்தம் ஐந்து வசனம்தான். ஆதியாகமம் 2-ஆம் அதிகாரம், 10 முதல் 14 வரை. அதற்குச் சற்று முன்னால் 8-ஆம் வசனம் 'கிழக்கே' என்று ஒரு திசை சொல்கிறது. யாருக்குக் கிழக்கே, எத்தனை நாள் நடை என்பதெல்லாம் கிடையாது.

முகவரி இப்படிப் போகிறது. ஏதேனிலிருந்து ஒரு நதி புறப்பட்டுத் தோட்டத்துக்குப் பாய்கிறது. அங்கிருந்து நாலாகப் பிரிகிறது. முதல் ஆறு பைசோன். ஆவிலா தேசம் முழுவதையும் சுற்றி ஓடுகிறது. அங்கே நல்ல பொன் உண்டு, பிதோலாகு உண்டு, கோமேதகம் உண்டு. இரண்டாவது கீகோன், எத்தியோப்பியாவைச் சுற்றுகிறது. மூன்றாவது இதெக்கேல், அசீரியாவுக்குக் கிழக்கே ஓடுகிறது. நான்காவது ஐபிராத்து. இதற்கு மட்டும் அடையாளமே சொல்லவில்லை. ஊரறிந்த ஆற்றுக்கு அடையாளம் எதற்கு?

நாலில் பின்னிரண்டு ஆறுகளில் எந்த வழக்கும் இல்லை. இதெக்கேல் என்பது டைகிரிஸ். பழங்கால ஈராக்கின் அக்காதிய மொழியில் இதிக்லத். ஐபிராத்து என்பது யூப்ரடீஸ். அரபியில் இன்றும் ஃபுராத். இரண்டும் கிழக்குத் துருக்கி மலைகளில் பிறந்து ஈராக்கின் தெற்கே சேர்கின்றன. வழக்கெல்லாம் பைசோன், கீகோன் பற்றித்தான். தனக்குப் பிடித்த இடத்தை முதலில் குறித்துக்கொள்வது, பிறகு அதன் பக்கத்தில் ஒரு பைசோனையும் கீகோனையும் எப்படியாவது ஓடவிடுவது: இரண்டாயிரம் ஆண்டுத் தேடலில் பெரும்பாலானோர் செய்தது இதுதான்.

முதல் நூற்றாண்டில் யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் பைசோனைக் கங்கை என்றும் கீகோனை நைல் என்றும் எழுதிவிட்டார். அந்த ஒரு வரி பிற்காலத்தவரைப் பெரிய சிக்கலில் மாட்டிவிட்டது. இமயத்தில் பிறக்கிற ஆறும் ஆப்பிரிக்காவில் பிறக்கிற ஆறும் ஒரே ஊற்றிலிருந்து வர வேண்டுமே! அதற்கு இடைக்காலத்தார் கண்ட வழி, ஆறுகள் ஏதேனில் பூமிக்குள் புகுந்து, கடலுக்கு அடியில் ஓடி, வேறு தேசத்தில் வெளியே வருகின்றன என்பது. இந்த வழியை ஒப்புக்கொண்டால் தோட்டத்தை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், அப்படியே வைத்தார்கள். இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்ட் பேராலயத்தில் 1300-ஐ ஒட்டி வரைந்த உலகப்படம் இருக்கிறது. அதில் கிழக்குத்தான் மேல்பக்கம். உச்சியில், மதில் சூழ்ந்த வட்டத் தீவாக ஏதேன்.

அந்தக் கிழக்குக்கு நிஜமாகவே வந்த ஒருவர் மரிக்னோலி. 14-ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவரின் தூதராகச் சீனா போய், திரும்பும் வழியில் கொல்லத்தில் தங்கி, இலங்கையையும் பார்த்தவர். இலங்கையிலிருந்து பரதீசு 40 இத்தாலிய மைல் தூரம், அதன் ஊற்று விழுகிற ஓசை அங்கே கேட்கும் என்று உள்ளூரார் சொன்னதாக எழுதி வைத்தார். நாம் சிவனொளிபாதமலை என்றும் இஸ்லாமியர் பாவா ஆதம் மலை என்றும் சொல்கிற 2,243 மீட்டர் சிகரம் அவர் கண்முன்னே நின்றது. சொர்க்கத்திலிருந்து இறங்கிய ஆதம் கால் வைத்த இடம் என்ற நம்பிக்கை அவருக்கு வெகு முன்பே அரபு வணிகர்களிடம் இருந்தது.

கொலம்பஸ் கதை வேறு மாதிரி. 1498-இல், மூன்றாவது பயணத்தில், தென் அமெரிக்காவின் பாரியா வளைகுடாவில் கடல் தண்ணீர் உப்பில்லாமல் இருந்தது. அது ஒரினோகோ ஆற்றின் வெள்ளம். இவ்வளவு நன்னீர் ஒரு தீவிலிருந்து வராது என்று அவர் கணித்தது சரி. பெருங்கண்டம் ஒன்று இருக்க வேண்டும் என்று எழுதியதும் சரி. அதோடு நிற்காமல், பூமி பேரிக்காய் வடிவம், அதன் காம்பு மேட்டில் பரதீசு, அங்கிருந்துதான் இந்தத் தண்ணீர் இறங்குகிறது என்றும் அரசருக்கு எழுதினார்.

1881-இல் பிரிட்டிஷ் படை அதிகாரி சார்லஸ் கோர்டன், சேஷெல்ஸின் பிராலின் தீவில் மே பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு ஏதேன் இதுதான் என்றார். அங்கே விளையும் கடல் தேங்காய்தான் நன்மை தீமை அறியத்தக்க கனி, ஈரப்பலா ஜீவவிருட்சம். பக்கீர்கள் கையில் ஏந்தும் கப்பரை இந்தக் கடல் தேங்காயின் ஓடுதான். ஒரு காய் முற்ற ஆறேழு ஆண்டு ஆகும்; எடை 20 கிலோவைத் தாண்டும்; மரமோ தென்னையைப் போல ஓங்கி நிற்கும். அதை ஏவாள் எப்படிப் பறித்தாள் என்பது இருக்கட்டும். ஈரப்பலாவின் பூர்விகம் பசிபிக் பக்கம். மனிதர் கன்று கொண்டுபோய் வைத்தால்தான் சேஷெல்ஸில் அது முளைக்கும். ஜீவவிருட்சத்தைக் கப்பலில் கொண்டுவந்து நட்டார்கள் என்றால் வசனம் இடம் கொடுக்காது.

1885-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் வாரன் தோட்டத்தை வட துருவத்தில் வைத்தார். புளோரிடாவின் அப்பலாச்சிகோலா ஆற்றங்கரையில் வைத்தவரும் உண்டு. இவற்றில் நேரம் செலவிட வேண்டாம். டைகிரிஸும் யூப்ரடீஸும் இல்லாத இடத்தை முதல் கேள்வியிலேயே தள்ளிவிடலாம்.

இனி வசனத்துக்கு உள்ளே போவோம். நம் தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு, நதி பிரிந்து 'நாலு பெரிய ஆறுகளாயிற்று' என்கிறது. எபிரேயத்தில் அந்த இடத்தில் 'பெரிய ஆறு' கிடையாது. 'நான்கு தலைகள்' என்றுதான் இருக்கிறது, ரோஷ், தலை. இந்த ஒரு சொல்லில் ஏகப்பட்ட சங்கதி அடங்கியிருக்கிறது. ஆறு எப்படி நடந்துகொள்ளும் என்பது நமக்குத் தெரியும். மேலிருந்து வரவர மற்ற ஆறுகள் வந்து சேரும். பிரிவதெல்லாம் கடலை நெருங்கிச் சமவெளியில், கழிமுகத்தில். மலையில் ஒரே ஆறாக இருந்தது பிரிந்து டைகிரிஸ் ஒரு பக்கம், யூப்ரடீஸ் ஒரு பக்கம் என்று போவது தரையில் நடக்காது. இரண்டுக்கும் தனித்தனி ஊற்று. துருக்கியின் ஹசார் ஏரிப் பக்கம் டைகிரிஸின் ஒரு தலை யூப்ரடீஸ் நீர்வழியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில்தான் கிளம்புகிறது. ஆனாலும் இடையே மலைமுகடு நிற்கிறது. ஆர்மீனிய மேட்டு நிலத்தில் ஏதேனை வைப்பவர்களுக்கு இந்த முகடுதான் தடை.

'தலை' என்றால் ஊற்றுப் பக்கம் என்று எடுத்துக்கொண்டால்? தலைக்காவேரி, தலைமடை என்று பேசிப் பழகிய நம் காதுக்கு அது இயல்பாகவே படும். தோட்டத்தில் நின்றுகொண்டு நீரோட்டத்துக்கு எதிராக மேலே பார்த்தால் நான்கு தலைகள் தெரிகின்றன; நான்கும் கீழே வந்து ஒன்றாகின்றன. அப்போது தோட்டத்தைத் தேட வேண்டியது மலையில் அல்ல, பாரசீக வளைகுடாவின் தலைமாட்டில். அமெரிக்க அறிஞர் இப்ராயிம் ஸ்பைசர் 1959-இல் இதை விரிவாக எழுதினார். 'பிரிந்து' என்கிற வினைச்சொல் இந்த வாசிப்பை எதிர்த்து இழுக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது.

கிறிஸ்தவச் சீர்திருத்தவாதி கால்வின் 1554-இல் தம் ஆதியாகம விளக்கவுரையில் படமே வரைந்து சேர்த்தார்: நடுவில் சங்கமம், மேலே இரண்டு தலை, கீழே இரண்டு வாய். ஜெர்மானிய அறிஞர் ஃப்ரீட்ரிக் டெலிட்ஷ் 1881-இல் பாபிலோன் பக்கத்துக் கால்வாய்கள் இரண்டைப் பைசோன், கீகோன் என்றார். இன்று பஸ்ராவுக்கு வடமேற்கே சுமார் 70 கிலோமீட்டரில், இரண்டு ஆறும் கூடும் குர்னா என்ற ஊரில் 'ஆதாமின் மரம்' என்று ஒரு பட்ட மரத்தைக் காட்டுகிறார்கள். பார்க்கலாம், தவறில்லை. ஆனால் சங்கமம் ஓரிடத்தில் நிற்கிற பொருள் அல்ல. வண்டல் சேரச் சேரக் கரை கடலுக்குள் நகர்கிறது, ஆறு தடம் மாறுகிறது. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் கடல் உள்ளே ஏறி, ஊர் என்கிற பழைய சுமேரிய நகரத்தின் பக்கம் வரை வந்திருந்தது. அப்போது குர்னாவில் மரம் நட இடம் இல்லை. இன்றைய வரைபடத்தை விரித்து வைத்துச் சங்கமத்தில் பென்சில் வைப்பவர்கள் வழுக்குவது இங்கேதான்.

கீகோனுக்கு வருவோம். அது சுற்றுகிற நாட்டுக்கு எபிரேயப் பெயர் கூஷ். கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் அதை எத்தியோப்பியா ஆக்கினார்கள். தமிழும் அப்படியே எடுத்துக்கொண்டது. பல இடங்களில் கூஷ் என்பது எகிப்துக்குத் தெற்கேதான். ஆனால் அதே ஆதியாகமம் 10-ஆம் அதிகாரத்தில், ஈராக் பக்கத்துப் பாபேலையும் ஏரேக்கையும் ஆண்ட நிம்ரோதுக்குத் தகப்பன் பெயரும் கூஷ். ஆகவே ஈரானின் சாக்ரோஸ் மலையிலிருந்து இறங்கிப் பாபிலோனை ஆண்ட காசைட் மக்களை இங்கே பொருத்தினார் ஸ்பைசர். அப்படியானால் கீகோன், ஈரானின் கார்க்கே அல்லது காரூன் ஆறு. காரூனிலும் ஒரு பொறி இருக்கிறது. டைகிரிஸும் யூப்ரடீஸும் கூடி ஓடுகிற ஷத்-அல்-அரபில் அது இன்று சேரும் இடம் ஒரு காலத்தில் மனிதர் வெட்டிய கால்வாய். வரைபடத்தில் அழகாகச் சேர்கிறதே என்று அதைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

பெயர் ஒலிக்கிறது என்பதும் சாட்சி ஆகாது. துருக்கியின் தெற்கே ஜைஹான், சைஹான் என்று இரண்டு ஆறு. மத்திய ஆசியாவின் அமு தாரியாவை அரபுப் புவியியலாளர் ஜைஹூன் என்றார்கள். எருசலேம் நகரின் ஊற்றுக்கே கீகோன் என்று பெயர். சொர்க்க நதியின் பெயரைப் பிரியமாக ஊர் ஆற்றுக்கு வைப்பது மனித இயல்பு. அதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, பெயர் இருக்கிறது ஆகவே தோட்டம் இருந்தது என்பது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது.

பைசோன்தான் மிகச் சுவையானது, ஏனென்றால் அந்தப் பக்கம் இன்று ஆறே இல்லை. அரேபியாவின் மேற்கே மதீனாப் பக்கம் தொடங்குகிற வாதி அர்-ரும்மா என்ற வறண்ட பள்ளம் வடகிழக்காக வருகிறது. நடுவே மணற்குன்றுகள் அதை மூடிவிடுகின்றன. மணலுக்கு இந்தப் புறம் அதே திசையில் வாதி அல்-பாதின் தொடங்கி, குவைத்தின் மேற்கு எல்லையாகவே நீள்கிறது. செயற்கைக்கோள் படத்தில் இரண்டும் ஒரே கோடாகத் தெரியும். அதன் கடைசியில் விசிறிபோல் கூழாங்கல் பரவிக் கிடக்கிறது. அந்தக் கல்லின் தாய்ப்பாறை குவைத்தில் இல்லை; பல நூறு கிலோமீட்டர் தள்ளி மேற்கு அரேபியாவில். ஆறு உருட்டிக் கொண்டுவராமல் கல் நடந்து வராது. மதீனாவுக்குத் தென்கிழக்கே மஹத் அத்-தஹப் என்று பழைய பொன் சுரங்கம். பெயருக்கே 'பொன்னின் தொட்டில்' என்று பொருள். பிதோலாகு என்பது குங்கிலியம் மாதிரி ஒரு மரப்பிசின் என்பார்கள். அந்த வகை மரமும் அரேபியாவில் உண்டு. அமெரிக்கத் தொல்லியலாளர் யூரிஸ் சாரின்ஸ் இந்தப் பள்ளத்தைப் பைசோன், காரூனைக் கீகோன் என்று வைத்து, தோட்டம் வளைகுடாத் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது என்றார். 1987-இல் இது பரவலாகத் தெரியவந்தது.

இதுவரை வந்தவற்றில் வசனத்தோடு அதிகம் பொருந்துவது இதுதான். வளைகுடாவின் சராசரி ஆழம் சுமார் 35 மீட்டர். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றைக்குச் சுமார் 120 மீட்டர் கீழே. அப்போது வளைகுடா முழுவதும் தரை. ஆறுகள் சேர்ந்து ஹோர்முஸ் நீரிணை வரை ஓடின. பனி உருகக் கடல் மெல்ல உள்ளே வந்து, சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய கரையை எட்டி, அதற்கும் உள்ளே ஏறியது.

இடம் பொருந்துகிறது, காலம் பொருந்தவில்லை. இதெக்கேல் அசீரியாவுக்குக் கிழக்கே ஓடுகிறது என்கிற வரியைப் பாருங்கள். அசீரிய நாட்டின் நடுவேதான் டைகிரிஸ் ஓடியது, கிழக்கே அல்ல. அசூர் என்ற நகரத்தை வைத்துப் பார்த்தால் மட்டும் கணக்குச் சரியாகிறது: நகரம் மேற்குக் கரையில், ஆறு கிழக்கே. இந்த வரியை எழுதியவருக்கு அந்த நகரம் தெரிந்திருக்கிறது. நகரமோ கி.மு. மூன்றாம் ஆயிரத்தில் எழுந்தது; வளைகுடா நிரம்பி ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆன பிறகு. மூழ்கிய தோட்டத்தை எவரும் கண்டு எழுதவில்லை; வாய்வழி நினைவு அவ்வளவு காலம் தாங்கியது என்று நம்பினால்தான் சாரின்ஸ் நிற்பார். கூழாங்கல் விசிறியிலும் பெரும்பகுதி நாகரிகத்துக்கு வெகு முந்தியது.

'ஏதேன்' என்ற சொல்லைச் சுமேரியத்தின் 'எதின்', அதாவது வறண்ட சமவெளி என்பதோடு சேர்ப்பது பழைய வழக்கம். 1979-இல் சிரியாவின் டெல் ஃபெகேரியேயில் கிடைத்த சிலை அதை அசைத்துவிட்டது. அதில் முன்பக்கம் அக்காதியமும் பின்பக்கம் அரமேயமும் பொறித்திருக்கின்றன. நாடுகளுக்குச் செழிப்புத் தருகிற மழைத் தெய்வம் ஹதாதைச் சொல்லும் இடத்தில் அரமேயம் பயன்படுத்துவது 'ஏதேன்' என்பதன் வேர். அதாவது நீர்வளம். பரதீசு என்ற சொல்லும் பாரசீகத்தில் 'சுற்றுமதில்' என்றே தொடங்கியது. இஸ்லாமியர் சொல்லும் ஃபிர்தவ்ஸும் அதன் வழிதான்.

நீர்வளம் என்றதும் சுமேரியர் பாடிய தில்முன் நினைவுக்கு வர வேண்டும். அங்கே சிங்கம் கொல்லாது, ஓநாய் ஆட்டுக்குட்டியைக் கவ்வாது, மூப்பு இல்லை. குறை ஒன்றுதான்: நன்னீர் கிடையாது. என்கி என்ற தெய்வம் சூரியனை ஏவிப் பூமிக்குள்ளிருந்து அதை வரவழைக்கிறார். தில்முன் என்பது பஹ்ரைன் என்பதைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். ஆதியாகமத்தில் பூமியிலிருந்து எழும்பி நிலத்தை நனைத்ததைத் தமிழ் 'மூடுபனி' என்கிறது. எபிரேயச் சொல் 'ஏத்'. கிரேக்க மொழிபெயர்ப்பில் அதுவே 'ஊற்று'.

பஹ்ரைனில் அந்த ஊற்று கடலுக்கு அடியிலேயே இருந்தது. முத்துக் குளிப்பவர் வாய் கட்டிய தோல்பையோடு மூழ்கி, மணலிலிருந்து நன்னீர் குமிழியிடும் துளையின் மேல் பையின் வாயைத் திறந்து பிடிப்பார். நிரம்பியதும் இறுக்கிக் கட்டிக்கொண்டு உப்புநீர் ஊடே மேலே வருவார். படகில் குடிதண்ணீர் அதுதான். 20-ஆம் நூற்றாண்டில் தீவெங்கும் ஆழ்துளைக் கிணறு போட்டு இறைத்ததில் நிலத்தடி அழுத்தம் இறங்கி, அந்தத் துளைகளில் பலவும் ஓய்ந்துவிட்டன.