ஒரே ஒரு சொல்லை மாத்தினது யாரு? ஐ.நா. ஆவணத்துல நாமளே தேடிப் பிடிக்கலாம்!

[திரையில்: ரெண்டு வரி, ஒண்ணுக்குக் கீழே ஒண்ணு]

மேல "ஆல் மென்". கீழே "ஆல் ஹியூமன் பீயிங்ஸ்". மேல இருக்கிற வரியில பெண்களுக்கு இடம் இருக்கா இல்லையான்னு சந்தேகம் வரும். கீழே இருக்கிறதுல அந்தச் சந்தேகமே வராது.

1948 டிசம்பர் 10, பாரிஸ். ஐ.நா. பொதுச்சபையில மனித உரிமைப் பிரகடனம் ஓட்டெடுப்புக்கு வருது. ஆதரவு 48, எதிர்ப்பு ஒண்ணு கூட இல்ல, 8 நாடு நடுநிலையா ஒதுங்கிடுச்சு. அதோட முதல் பிரிவு வரைவுல மேல இருக்கிற வரி மாதிரி இருந்துச்சு, கடைசியில கீழே இருக்கிற வரி மாதிரிதான் தொடங்குது. தமிழ்ல "மனிதப் பிறவியினர் சகலரும்"னு படிப்போம். இந்தச் சொல் மாறினதுக்குக் காரணமா எல்லாரும் சொல்ற பேரு ஹன்சா மேத்தா, மனித உரிமை ஆணையத்துல இந்தியாவோட பிரதிநிதி.

இந்தத் தகவல் உங்களுக்கு வாட்ஸ்அப்ல கூட வந்திருக்கும். ஆனா அந்தக் கூட்டங்கள்ல யாரு என்ன பேசினாங்கங்கிற குறிப்பை நீங்களே எடுத்துப் படிக்கலாம், காசு கட்டாம. அது எப்படின்னு பார்ப்போம் வாங்க.

[பின்னணி, வேகமா]

ஐ.நா. ஒரு அரசுகளுக்கு இடையிலான அமைப்பு. அப்படின்னா நாடுகள் ஒப்பந்தம் போட்டு உறுப்பினரா இருக்கிற அமைப்பு. உலக சுகாதார நிறுவனம், உலக வங்கி எல்லாமும் அதுல வரும். தொண்டு நிறுவனங்கள் வராது. இது போதும், விஷயத்துக்கு வருவோம்.

[திரையில்: ஒரு பழைய தட்டச்சுப் பக்கம். வலது மேல் மூலை பெருசாகுது]

இந்த மூலையைப் பாருங்க. இ/சி.என்.4/எஸ்.ஆர்., அப்புறம் ஒரு எண். வீட்டு முகவரி மாதிரிதான் இது, ஒவ்வொரு சாய்கோட்டுக்கும் ஒரு படி உள்ள போறோம். "இ"ன்னா பொருளாதார சமூக மன்றம். "சி.என்.4"ன்னா அதுக்குக் கீழே இருந்த மனித உரிமை ஆணையம். நடுவுல "ஏ.சி.1"னு வந்தா அந்த ஆணையத்தோட வரைவுக் குழு. "எஸ்.ஆர்."னா கூட்டத்தோட சுருக்கக் குறிப்பு, கடைசி எண் எத்தனையாவது கூட்டம்னு சொல்லும். பொதுச்சபைக்கு "ஏ", பாதுகாப்பு மன்றத்துக்கு "எஸ்".

ஹன்சா மேத்தான்னு முழுப் பேரைத் தேடினா நமக்குக் கிடைக்கிறது பெரும்பாலும் பின்னாடி எழுதின கட்டுரைகள்தான். குறிப்புல "மிஸஸ் மேத்தா (இந்தியா)"ன்னுதான் இருக்கும். அதுவும் பழைய தட்டச்சுத் தாளோட ஸ்கேன், எழுத்து மங்கியிருந்தா தேடல் பெட்டி அதைப் பிடிக்காது. அதனால பேரை விட்டுட்டுக் குறியீட்டைப் பிடிங்க.

இங்க ஒரு விஷயம், தயவுசெஞ்சு கவனிங்க. எஸ்.ஆர். படர்க்கையில எழுதின சுருக்கம். "இந்தியப் பிரதிநிதி இப்படிக் கருதினார்"ங்கிற மாதிரி போகும். அதை எடுத்து மேற்கோள் குறிக்குள்ள போட்டு அவங்க வாயால சொன்னதா எழுதிடாதீங்க, அவங்களுக்கே அது நியாயமில்ல. சொன்னது சொன்னபடி வேணும்னா "பி.வி."ங்கிற வகையைத் தேடணும். சில குழுக்களுக்குத்தான் அது உண்டு.

அடுத்தது என் செல்லம்: "எல்"! லிமிடெட்னு அர்த்தம். ரகசியமோன்னு பலர் பயந்து ஒதுங்கிடுவாங்க, ரகசியம் இல்ல. தீர்மானத்தோட வரைவு பெரும்பாலும் இதுலதான் வரும். இறுதித் தீர்மானத்துல கடைசியா நிறைவேறினது மட்டும்தான் இருக்கும், யாரு முதல்ல என்ன கேட்டாங்கன்னு "எல்"லதான் இருக்கும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, விழுந்த சொல்லை எல்லாம் பென்சிலால வட்டம் போடுங்க. பேரம் எங்க நடந்துச்சுன்னு கண்ணுக்கே தெரியும். கடைசியில "ரெவ்."னு இருந்தா திருத்தின வடிவம், "ஆட்."னா கூடுதல் பகுதி, "கார்."னா பிழை திருத்தம். "கார்." இருக்கான்னு பார்க்காம எதையும் மேற்கோள் காட்டாதீங்க.

[திரையில்: நியூயார்க், நூலகக் கட்டடம்]

எங்க தேடுறது? ஐ.நா. டிஜிட்டல் நூலகம். நியூயார்க்ல இருக்கிற டாக் ஹமர்ஷீல்ட் நூலகமும் ஜெனீவா நூலகமும் சேர்ந்து நடத்துறது. யாரு எப்படி ஓட்டுப் போட்டாங்கங்கிற விவரமும் அதுலயே இருக்கு. ஐ.நா.வுக்கு முன்னாடி இருந்த சர்வதேச சங்கத்தோட ஆவணங்களையும் ஜெனீவாவுல ஸ்கேன் பண்ணியிருக்காங்க, சுமார் 1.5 கோடி பக்கம்! யுனெஸ்கோவுக்கு யுனெஸ்டாக், சுகாதார நிறுவனத்துக்கு ஐரிஸ், தொழிலாளர் அமைப்புக்கு லேபர்டாக்.

இணையத்துல கிடைக்கலயா? 1946லேருந்து உலகம் முழுக்க வைப்பு நூலகங்களுக்கு ஐ.நா. தன் ஆவணங்களைக் கொடுத்திருக்கு. அங்க போய் நூலகர்கிட்ட கேளுங்க. என்ன தலைப்புன்னு மட்டும் சொல்லாம எந்த அமைப்பு, எந்த வருஷம்னும் சேர்த்துச் சொல்லுங்க, தேடல் பாதியா குறைஞ்சிடும்.

[திரையில்: எஸ்/ரெஸ்/242]

இப்போ உங்களுக்கு ஒரு வேலை. பாதுகாப்பு மன்றத்தோட 242ஆவது தீர்மானம், 1967. ஆங்கில வடிவத்தையும் பிரெஞ்சு வடிவத்தையும் எடுங்க. அந்த வருஷப் போர்ல இஸ்ரேல் ஆக்கிரமித்த பகுதிகளிலிருந்து அதோட படை விலகணும்ங்கிற வரி. ஆங்கிலத்துல "டெரிட்டரீஸ்" முன்னாடி "த" இல்ல, பிரெஞ்சுல அந்த இடத்துல "தே" இருக்கு. எல்லாப் பகுதியுமா, சில பகுதியான்னு இந்த ஒரு வித்தியாசத்தை வச்சு இன்னைக்கும் வாதம் ஓடுது. தமிழ்ல அப்படி ஒரு சொல்லே கிடையாது. அந்த வரியை நீங்க தமிழ்ல எப்படி எழுதுவீங்க? கமெண்ட்ல போடுங்க, நான் ஒவ்வொண்ணா படிக்கிறேன்.