கொடுத்தபின் மிஞ்சியது

நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

எருசலேம் தேவாலயத்தின் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே இயேசு உட்கார்ந்து, மக்கள் பணம் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று மாற்கு தம் நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். எக்காள வடிவில் அமைந்த 13 பெட்டிகள் அங்கே வைக்கப்பட்டிருந்ததாக யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா கூறுகிறது. செல்வந்தர் பலர் மிகுதியாகப் போட்டார்கள். பிறகு ஏழை விதவை ஒருத்தி வந்து இரண்டு காசு போட்டாள். கூலியாள் ஒருவர் நாள் முழுவதும் உழைத்தால் பெறும் ஊதியம் அக்காலத்தில் ஒரு தெனாரியம். அதை 128 பங்காக்கினால் வரும் ஒரு பங்குதான் அவள் போட்ட ஒரு காசின் மதிப்பு. கையில் இருந்தவை இரண்டு என்பதால், ஒன்றைப் போட்டு மற்றொன்றை வைத்துக்கொள்ளவும் அவளால் முடிந்திருக்கும். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

மற்ற எல்லாரையும்விட இவளே அதிகமாய்ப் போட்டாள் என்று இயேசு சீடர்களை அழைத்துச் சொன்னார். பெட்டிக்குள் விழுந்ததைக் கூட்டிப் பார்த்தால் இந்தக் கணக்கு சரிவராது. பெட்டியை விட்டு விலகிச் செல்லும் கைகளில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தால்தான் சரிவரும். மற்றவர்கள் கொடுத்த பிறகும் அவர்களுடைய வீட்டில் எதுவும் மாறவில்லை. அவளுடைய வீட்டில் அன்றைய பிழைப்புக்கென இருந்ததே இல்லாமற்போயிற்று. கிறிஸ்தவ ஈகையைப் பற்றி நான் சொல்ல விரும்புவதெல்லாம் இந்த அளவுகோலைச் சுற்றியே நிற்கிறது.

வசதியுள்ளவர்களுக்கு இந்த அளவுகோல் அச்சமூட்டக்கூடியது, அச்சமூட்டவும் வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, ஆக்ஸ்போர்டில் இருந்த ஓர் இளைஞரைப் பற்றித் தம் பிரசங்கம் ஒன்றில் சொல்கிறார். அந்த இளைஞரின் ஆண்டு வருமானம் இங்கிலாந்துப் பணத்தில் 30 பவுன். 28 பவுனில் வாழ்ந்து 2 பவுனை ஏழைகளுக்குக் கொடுத்தார். அடுத்த ஆண்டு வருமானம் 60 பவுனானது. அதே 28 பவுனில் வாழ்ந்து 32 பவுனைக் கொடுத்தார். பிறகு 90, அதன் பிறகு 120 என வருமானம் ஏறியபோதும் அவருடைய செலவு 28 பவுனைத் தாண்டவில்லை. வெஸ்லி தம்மைப் பற்றியே அப்படிச் சொன்னார் என்பதுதான் பொதுவான கருத்து. நம்மில் பெரும்பாலோர் தசமபாகம் என்னும் பத்தில் ஒன்றைப் பிரித்து வைத்துவிட்டு, எஞ்சிய ஒன்பது பங்கைப் பற்றிக் கடவுள் கேள்வி கேட்கமாட்டார் என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம். வருமானம் உயரும்போது நம் தேவைகளின் பட்டியலும் சத்தமில்லாமல் கூடவே உயர்ந்துவிடுகிறது. அந்த இளைஞர் அந்த ஓர் இடத்தில்தான் காவல் வைத்தார்.

செல்வமே பாவம் என்று வேதம் சொல்லவில்லை. பண ஆசை எல்லாத் தீமைக்கும் வேராயிருக்கிறது என்றே தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் சொல்கிறது. 'ஆசை' என்ற சொல்லைத் தவறவிட்டுப் பலர் அந்த வசனத்தை மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அந்தச் சொல்லையே சாக்காக வைத்துக்கொண்டு, எனக்குப் பணம்தான் இருக்கிறது, ஆசை இல்லை என்று எவரும் எளிதில் தப்பிவிட முடியாது. லூக்கா 12ஆம் அதிகாரத்தில் வரும் ஐசுவரியவானைப் பாருங்கள். அவன் எவரையும் ஏமாற்றியதாகக் கதையில் இல்லை. அவனுடைய நிலம் நன்றாக விளைந்தது, அவ்வளவுதான். விளைச்சலைக் கண்டதும் தன் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிடுகிறான். அந்தப் பேச்சு முழுவதும் என் விளைச்சல், என் களஞ்சியம், என் ஆத்துமா என்றே ஓடுகிறது. இன்னொரு மனிதன் அதற்குள் தலைகாட்டுவதேயில்லை. 'மதிகேடனே' என்று கடவுள் அவனை அழைத்தது அந்த இரவில்தான்.

4ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியிலுள்ள கப்பதோக்கியாவின் செசரியா நகரைப் பஞ்சம் தாக்கியபோது, அந்நகரின் குருவான பசிலியார் இந்த உவமையைத்தான் கையில் எடுத்தார். நீ பூட்டி வைத்திருக்கும் அப்பம் பசித்தவனுடையது, பெட்டியில் மடித்து வைத்திருக்கும் ஆடை உடுக்க இல்லாதவனுடையது என்ற பொருளில் செல்வந்தரின் முகத்துக்கு நேராகப் பேசினார்; பேசியதோடு நில்லாமல் பசித்தவர்களுக்கு உணவளிக்கவும் ஏற்பாடு செய்தார். உனக்குள்ளதில் கொஞ்சம் கொடு என்று அவர் கெஞ்சவில்லை. அவர்களுக்குரியதை அவர்களிடம் சேர்த்துவிடு என்றார். நாம் உரிமையாளர்கள் அல்ல, உக்கிராணக்காரர்கள், அதாவது பிறர் உடைமையைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்பவர்கள் என்று சபைகளில் அடிக்கடி சொல்கிறோமே, அந்தச் சொல்லின் முழு எடை இதுதான்.

இயேசு விருந்தாளியாகச் சென்ற சகேயுவின் வீட்டில் இது இன்னும் கூர்மையாகிறது. வரி வசூலிப்போரின் தலைவனான அவன், தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னதோடு முடித்துவிடவில்லை. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுப்பதாகவும் சொன்னான். பிறருடைய கூலியைக் குறைத்துச் சேர்த்த பணத்திலிருந்து தருமம் செய்கிறவர், கடனைத் திருப்பிக் கொடுக்காமல் பரிசு வழங்குகிறார்.

மீண்டும் அந்த விதவையிடம் வருகிறேன். ஏனெனில் அவளைக் காட்டி ஏழைகளிடமிருந்தே பணம் திரட்டும் பிரசங்கங்களைக் கேட்டு நான் மனம் நொந்திருக்கிறேன். அவள் வருவதற்குச் சற்று முன்புதான், விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்களைக் குறித்து இயேசு எச்சரிக்கிறார். அவள் போன பிறகு, தேவாலயத்தின் கற்களையும் கட்டடத்தையும் வியந்த சீடரிடம், ஒரு கல்லின்மேல் ஒரு கல் நில்லாதபடிக்கு எல்லாம் இடிக்கப்படும் என்கிறார், கி.பி. 70இல் ரோமர் அதை இடித்தார்கள். முன்னும் பின்னும் இப்படி இருக்க, அவளுடைய காசு கொடுப்பவருக்கு முன்மாதிரியாக இருப்பதைப் போலவே, வாங்குபவரின்மேல் சாட்டப்படும் குற்றமாகவும் எனக்குத் தோன்றுகிறது. எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் சேர்த்த பவுல், எவரும் தங்களைக் குற்றப்படுத்தாதபடி, சபைகள் தேர்ந்தெடுத்த ஒருவரையும் கூட அழைத்துச் சென்றார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமன்றி மனிதருக்கு முன்பாகவும் யோக்கியமாய் நடக்க வேண்டும் என்றார்.

நான் சில ஆண்டுகள் சபையின் காணிக்கையை எண்ணும் பொறுப்பில் இருந்தேன். ஆராதனை முடிந்ததும் இருவராக அமர்ந்து எண்ணுவோம். ஒரு ஞாயிறன்று, எட்டாக மடிக்கப்பட்ட ஒரு நோட்டு பையிலிருந்து விழுந்தது. மிகச் சிறிய தொகை. வெகுநேரம் உள்ளங்கைக்குள் இருந்ததால் வியர்வையில் ஊறி, மடிப்பு மடிப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. கிழியாமல் பிரிக்கவே நேரம் பிடித்தது. யார் போட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது.

அந்த வாரக் குழுக்கூட்டத்தில் வந்த செலவுத் திட்டத்தில், ஆலய முகப்பை அழகுபடுத்த ஒரு தொகையும், உதவி கேட்டு விண்ணப்பித்த குடும்பங்களுக்கு ஒரு தொகையும் எழுதப்பட்டிருந்தன. முதல் தொகை இரண்டாவதைவிடப் பல மடங்கு பெரியது. நான் அந்த நோட்டைப் பற்றிச் சொல்லி, இரண்டு தொகைகளையும் இடம் மாற்றி எழுதும்படி கேட்டேன். நெடுநேரம் பேசினோம். கடைசியில் மாற்றி எழுதினோம்.