தை மாசம் நிலம் பார்க்கப் போகாதீங்க

(காட்சி: ஞாயிற்றுக்கிழமை காலை. செங்கல்பட்டு தாண்டி ஜிஎஸ்டி ரோடு. ரோட்டோரத்துல பண்ணை நில விளம்பரப் பலகைகள்.)

பொங்கல் முடிஞ்ச கையோட சென்னையில இருந்து மதுராந்தகம், உத்திரமேரூர் பக்கம் நிறைய கார் நிலம் பார்க்கக் கிளம்பும். 2021 ஜனவரியில அதுல எங்க காரும் ஒண்ணு. வேளச்சேரியில வீடு, பெருங்குடியில ஆபீஸ். ஊரடங்குல மாசக்கணக்கா ஒரே ரூமுக்குள்ள உட்கார்ந்து வேலை பார்த்துட்டு, "போதும்டா சாமி, எங்கேயாவது மண்ணுல போய் இருந்துடலாம்"னு கிளம்பினோம்.

அன்னிக்கு ஒரு ஏக்கர் பார்த்தோம். பக்கத்துல ஏரி நிறைஞ்சு கிடக்கு. கரைக்குக் கீழ சம்பா கதிர் சாய்ஞ்சு அறுப்புக்கு நிக்குது. வரப்பெல்லாம் கொக்கு. என் மனைவி செருப்பைக் கழட்டி வச்சுட்டு வரப்புல நின்னவங்க நகரவே இல்ல. அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துடலாம்னு முடிவு பண்ணிட்டோம்.

(காட்சி: ஒரு பனைமரத்தோட அடிப்பகுதி, ரொம்பக் கிட்டத்துல.)

அப்ப மாடு ஓட்டிட்டு வந்த ஒரு ஆயா எங்களைப் பார்த்து நின்னாங்க. "நெலம் பாக்க வந்தியா நைனா?"ன்னு கேட்டுட்டு, வேலியோரம் இருந்த பனைமரத்துக்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. அடிமரத்துல முழங்கால் உயரத்துக்கு ஒரு கோடு. கோட்டுக்குக் கீழ காய்ஞ்ச வண்டல், நகத்தால சுரண்டினா பொடியா உதிருது. "போன கார்த்திகைப் புயலுக்கு வந்த தண்ணி. அதோ அங்க சம்பங்கோரை நிக்குது பாரு, அது தண்ணி நிக்காத எடத்துல வராது."

அந்தப் புயல் நிவர். 2020 நவம்பர். ரெண்டே மாசத்துக்கு முன்னாடி அந்த நிலத்துல முழங்கால் தண்ணி. பத்திரத்துல அது இருக்காது, தரகரும் சொல்ல மாட்டார். பனைமரம் எழுதி வச்சிருந்தது, எங்களுக்குப் படிக்கத் தெரியல.

நாங்க அட்வான்ஸ் கொடுக்கல. அதே ஊர்ல ஒரு ஓட்டு வீட்டை ஒரு வருஷத்துக்கு வாடகைக்கு எடுத்தோம். நகரத்தை விட்டுப் போகணும்னு நினைக்கிற எல்லாருக்கும் நான் சொல்றது இதைத்தான். நிலம் வாங்கிறதுக்கு முன்னாடி, அந்த ஊர்ல ஒரு கார்த்திகையும் ஒரு சித்திரையும் இருந்து பாருங்க.

(காட்சி: வரைபடம். மேலிருந்து கீழாக மூணு ஏரி.)

இந்தப் பக்கத்தோட தண்ணிக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். சென்னையில வருஷத்துக்கு சராசரியா 1,400 மில்லிமீட்டர் மழை. ஒரு ஏக்கர் மேல 1 மில்லிமீட்டர் பெய்ஞ்சா ஏறக்குறைய 4,047 லிட்டர். அப்படின்னா அந்த 1,400 மில்லிமீட்டரும் ஒரு ஏக்கர் மேல விழுந்தா 56 லட்சம் லிட்டருக்கு மேல. 2019 கோடையில 12,000 லிட்டர் லாரிக்கு நாம ராத்திரியெல்லாம் முழிச்சுக் காத்திருந்தோமே, அந்த மாதிரி 470 லாரி. ஆனா அதுல பாதிக்கு மேல அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும், வடகிழக்குப் பருவமழையில, மொத்தமா வந்து கொட்டிடும். மிச்ச மாசமெல்லாம் அதைச் சேத்து வச்சுத்தான் ஓட்டணும்.

அதுக்காக வந்ததுதான் ஏரி. கரை, மதகு, கலங்கல் மூணும் சேர்ந்தது. மதகைத் திறந்தா தண்ணி வாய்க்கால் வழியா ஆயக்கட்டு நிலத்துக்குப் பாயும். ஏரி நிரம்பினா மிச்சத் தண்ணி கலங்கல்ல வழிஞ்சு கீழ இருக்கற அடுத்த ஏரிக்கு ஓடும். இப்படி ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா சங்கிலி மாதிரி. காஞ்சிபுரம், செங்கல்பட்டு ரெண்டும் ஏரி மாவட்டம்னு பேர் வாங்கினது இதனாலதான். உத்திரமேரூர் கோயில் சுவர்ல முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கு. குடவோலைத் தேர்தலுக்காக எல்லாருக்கும் தெரிஞ்ச கல்வெட்டு. அந்தக் குடவோலையில ஏரி வாரியத்துக்கும் ஆள் எடுத்திருக்காங்க. 1,100 வருஷத்துக்கு முன்னாடியே ஏரியைப் பார்த்துக்கத் தனியா ஒரு குழு. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கும்.

நாங்க பார்த்த ஏக்கர், கலங்கல் தண்ணி அடுத்த ஏரிக்குப் போற வழியில இருந்தது. 2021 நவம்பர் ஞாபகம் இருக்கா? சென்னையில அந்த ஒரே மாசத்துல மழை 1,000 மில்லிமீட்டரைத் தாண்டுச்சு. அந்த வாரம் கரை மேல நின்னு பார்த்தேன். நிலம் எங்கேன்னே தெரியல. அந்தப் பனைமரம் மட்டும் தண்ணி நடுவுல நின்னுச்சு.

(காட்சி: வெயில். கிணத்துக்குள்ள எட்டிப் பார்க்கிற கோணம்.)

சித்திரை வேற பாடம். மே 4 வாக்குல அக்னி நட்சத்திரம் தொடங்கும். வாடகை வீட்டுக் கிணத்துல மோட்டார் போட்டா இருபது நிமிஷம் தண்ணி வரும், அப்புறம் காத்துதான். அடுத்த இருபது நிமிஷத்துக்கு நாலு மணி நேரம் காத்திருக்கணும். முதல் வாரம் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்ல. ரெண்டாவது வாரம் கிணத்து மேட்டுல சும்மா உட்கார ஆரம்பிச்சேன். உச்சி வெயில்ல ஊர் அடங்கினதும், கீழ பாறை இடுக்குல இருந்து ஊத்து கசியுற சத்தம் மேல வரைக்கும் கேட்கும். சொட்டு சொட்டா விழாது, தொண்டைக்குள்ள தண்ணி இறங்குற மாதிரி ஒரு சத்தம். அதுக்கப்புறம் துணி துவைக்கிறது, குளிக்கிறது, செடிக்கு ஊத்துறது எல்லாம் அந்தக் கிணத்தோட நேரத்துக்கு மாறிடுச்சு. நான் தேடி வந்த நிதானம் எனக்கு அங்கதான் கிடைச்சது. ஒரு சென்ட் நிலம்கூட அப்ப எங்க பேர்ல இல்ல.

அதனால கிணறு பார்க்கிறவங்க தையில பார்க்காதீங்க. சித்திரையில மோட்டாரைப் போட்டு, எத்தனை நிமிஷம் தண்ணி நிக்காம வருதுன்னு கடிகாரத்தை வச்சுப் பாருங்க. தமிழ்நாட்டுல விவசாய பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம், ஆனா புது இணைப்புக்கு ரொம்ப நாள் காத்திருக்கணும். மும்முனை மின்சாரமும் எல்லா ஊர்லயும் நாள் முழுக்க இருக்காது. வர்ற நேரத்துல, அது நடு ராத்திரின்னாலும், எழுந்து போய்த் தண்ணி பாய்ச்சணும்.

அப்படி ராத்திரி போகும்போது டார்ச்சும் செருப்பும் கட்டாயம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலும் நம்ம பக்கத்துல உண்டு. விஷமுறிவு மருந்து வச்சிருக்கற பக்கத்து அரசு மருத்துவமனை எதுன்னு முதல் நாளே தெரிஞ்சு வச்சுக்கோங்க. கடிச்சா மந்திரம், கட்டு, கீறல் எதுவும் வேண்டாம், நேரா அங்கதான் போகணும்.

பத்திர விஷயம் சுருக்கமா. பட்டா, சிட்டா, நிலத்தோட அளவைக் காட்டுற புலப்படம், முப்பது வருஷ வில்லங்கச் சான்று எல்லாத்தையும் ஒரு வக்கீல்கிட்ட காட்டுங்க. நிலத்துக்குப் போற வழி புலப்படத்துல இருக்கான்னு பாருங்க. பக்கத்துக்காரர் வாய்வார்த்தையா விட்ட வழி, அவர் நிலத்தை வித்தா போயிடும்.

(காட்சி: நடவு வயல். நாலு பெண்கள், நாத்து முடிச்சு.)

இப்ப உழைப்பு. ஒரு ஏக்கர்னா 100 சென்ட். நம்ம சென்னைக் கணக்குல ஏறக்குறைய 18 கிரவுண்ட். நாங்க அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்துப் பூங்கார்ங்கற பாரம்பரிய நெல் நட்டோம். ஆயா நாத்தைப் பிடிக்கக் கத்துக் கொடுத்தாங்க. ரெண்டு நாத்தை எடுத்து, வேரைக் கட்டைவிரலால ஒட்டிப் பிடிச்சு, சேத்துல விரல் கணு முங்கற அளவுக்குத்தான் இறக்கணும். நான் ஆழமா நட்டதெல்லாம் ஒரு வாரம் மஞ்சளா நின்னு பயமுறுத்துச்சு. கடைசியில ஆறு மூட்டை நெல் வந்தது. வீட்டுக்குச் சாப்பாட்டுக்கு ஆச்சு, கூலிக்கே மீதி போயிடுச்சு. சம்பள வேலையை விட்டுட்டு முதல் வருஷமே நிலத்துல இருந்து வருமானம் எதிர்பார்க்காதீங்கன்னு அழுத்திச் சொல்றேன். நான் வாரத்துல நாலு நாள் லேப்டாப்புல வேலை பார்த்துதான் குடும்பம் நடந்தது. இப்பவும் அப்படித்தான்.

அடுத்த வருஷம், அதே ஊர்ல, மதகுக்குப் பக்கத்துல முப்பது சென்ட் வாங்கினோம். எந்த இடம்னு காட்டினது ஆயாதான்.

இந்த ஐப்பசி, கார்த்திகையில ஒரு நாள் மழை விட்டதும் தாம்பரத்துல மின்சார ரயில் ஏறி செங்கல்பட்டுல இறங்குங்க. அங்கிருந்து பஸ் பிடிச்சு ஏதாவது ஒரு ஏரிக்கரைக்குப் போங்க. மாடு மேய்க்கிறவங்க யாராவது இருப்பாங்க. நில விலையைக் கேட்காதீங்க. "கலங்கல் தண்ணி எந்தப் பக்கம் போகும்?"னு கேளுங்க.

(காட்சி: கலங்கல்ல தண்ணி வழியுது. பின்னணி இசை வேண்டாம், தண்ணிச் சத்தம் மட்டும்.)