ஒய்பிகிட்ட டாக்டர் கேட்காதீங்க, நிலம் கேளுங்க!

[திரையில்: கிளினிக் கெசிஹாத்தான் (அரசு சுகாதாரக் கிளினிக்) காத்திருப்பு இடம், கையில் நம்பர் சீட்டு]

காலையில வெள்ளன வந்து நம்பர் எடுத்தாச்சு. மணி பதினொன்னு, இன்னும் கூப்பிடல. கடுப்புல போனை எடுத்து நம்ம சட்டமன்ற ஒய்பியோட (மலேசியாவுல மக்கள் பிரதிநிதியை இப்படித்தான் கூப்பிடுவோம்) ஃபேஸ்புக்ல ஒரு கமெண்ட் தட்டுறோம்: "ஒய்பி, டாக்டர் பத்தல, ஏதாவது செய்யுங்க!" அவரும் கும்பிடு எமோஜி ஒண்ணு போடுவார். அதோட சரி.

அவரைத் திட்டாதீங்க. ஒரு டாக்டரை மாத்த, ஒரு கட்டில் கூட்டிப் போட அவருக்கு அதிகாரமே கிடையாது. அவரால முடியுற காரியம் வேற ஒண்ணு இருக்கு. அதை நாம கேட்கிறதே இல்ல.

[அறிமுக இசை]

பின்னணியை வேகமா முடிச்சுடுவோம். பினாங்கு மாநிலத்துல 40 சட்டமன்றத் தொகுதி, 13 நாடாளுமன்றத் தொகுதி. அதாவது உங்களுக்கு ரெண்டு ஒய்பி. பிறை சட்டமன்றத் தொகுதியில ஓட்டுப் போடுறவங்களுக்கு நாடாளுமன்ற ஒய்பி பத்து காவான் தொகுதிக்காரர். கேஎல்ல (கோலாலம்பூர்) சட்டமன்றமே கிடையாது, 11 நாடாளுமன்ற ஒய்பிங்க மட்டும்தான்.

இப்போ எனக்குப் பிடிச்ச இடம். அரசியலமைப்புச் சட்டத்தோட ஒன்பதாவது அட்டவணையில யாருக்கு எந்த வேலைன்னு மூணு பட்டியல் இருக்கு. ஆஸ்பத்திரி, கிளினிக், டாக்டர் தொழில் எல்லாம் முதல் பட்டியல்ல, அதாவது மத்திய அரசுகிட்ட. பொதுச் சுகாதாரம், துப்புரவு, நோய்த்தடுப்பு மூணாவது பட்டியல்ல, மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் பொது. ஆனா அந்தத் துப்புரவுக்குப் பக்கத்துல ஒரு குறிப்பு: "கூட்டரசுத் தலைநகர் நீங்கலாக." அதாவது கேஎல். அது மட்டும் முதல் பட்டியலுக்குப் போயிடுச்சு. கேஎல் பிரிக்பீல்ட்ஸ் சாக்கடைக்கு அரசியலமைப்புலயே தனி மரியாதை! நம்ம ஜார்ஜ்டவுன் சாக்கடைக்கு அந்தக் கொடுப்பினை இல்ல.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லைங்க. வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்குள்ள போய்ப் பாருங்க. கடை லைசன்ஸ் மாநகராண்மைக் கழகம் கொடுக்குறது: தீவுல எம்பிபிபி, பெருநிலத்துல எம்பிஎஸ்பி. சோறு பரிமாறுற அண்ணன் டைபாய்டு ஊசி போட்டிருக்கணும், உணவு கையாளும் பயிற்சிக்குப் போயிருக்கணும்னு சொல்றது சுகாதார அமைச்சோட 2009 உணவுத் தூய்மை விதிமுறை. 2019 ஜனவரியில இருந்து கடையில சிகரெட் பிடிக்கக் கூடாதுன்னதும் அதே அமைச்சு. கடைக்குப் பின்னாடி வாளித் தண்ணியில கொசுப்புழு இருந்தா? 1975 நோய் பரப்பும் பூச்சி ஒழிப்புச் சட்டப்படி சுகாதார இலாகாவும் வரலாம், மாநகராண்மைக் கழகமும் வரலாம். சம்மன் 500 வெள்ளி வரைக்கும். ரசம் மட்டும்தான் முதலாளியோட தனி அதிகாரம்!

[திரையில்: காலி நிலம், சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள்]

சரி, நிலம். மலேசியாவுல நிலம் மாநில அரசோட கையில. சுகாதார மந்திரியே நினைச்சாலும் அந்தரத்துல கிளினிக் கட்ட முடியாது. அரசியலமைப்பு 83ஆவது பிரிவுப்படி மத்திய அரசு மாநிலத்தோட கலந்து பேசி, காசு கொடுத்து நிலம் கேட்டு வாங்கலாம். அது மேல இருந்து வர்ற வழி. கீழ இருந்தும் ஒரு வழி இருக்கு. தேசிய நிலச் சட்டம் 62ஆவது பிரிவுப்படி, மாநில அரசு தன்னோட நிலத்துல ஒரு துண்டைப் பொதுத் தேவைக்குன்னு கெஜட்ல, அதாவது அரசிதழ்ல, அறிவிப்பு போட்டு ஒதுக்கலாம். எதுக்காக, எந்த அதிகாரி பொறுப்புல, எல்லாம் அதுல எழுதியிருக்கணும்.

ஏன் கெஜட், கெஜட்னு அடிச்சுக்கிறேன்? வரைபடத்துல கலர் அடிச்சு "வருங்காலக் கிளினிக்"னு எழுதிட்டா அது ஒதுக்கீடு ஆகிடாது. இன்னைக்குக் கிளினிக், நாளைக்குக் கார் நிறுத்துற இடம், அதுக்கு அடுத்த வருஷம் காண்டோ. கெஜட் ஆன நிலத்தை அப்படி நைசா நகர்த்த முடியாது. ரத்து செய்யணும்னா 64ஆவது பிரிவுப்படி முன்னறிவிப்பு போட்டு, எதிர்ப்பு இருக்கான்னு விசாரணை நடத்தணும். அந்த விசாரணைக்கு நீங்களும் போகலாம்.

அதனால ஒய்பி சேவை மையத்துக்குப் போனா, "கிளினிக் எப்போ வரும்?"னு கேட்காதீங்க. "சீக்கிரம்"னு பதில் வரும். இப்படிக் கேளுங்க: எந்த லாட் நம்பர், அதாவது மனை எண்? 62ஆவது பிரிவுல கெஜட் ஆயிடுச்சா? ரோட்டுல இருந்து அந்த நிலத்துக்குள்ள போக வழி இருக்கா? மழைக்குத் தண்ணி நிக்குமா? வழி இல்லாத நிலமும் வெள்ளம் தேங்குற நிலமும் திட்டத்தை வருஷக்கணக்குல இழுத்துடும். பதிலை எழுத்துல வாங்குங்க. பதில் வரலையா, சட்டமன்றத்துல கேள்வியா எழுப்பச் சொல்லுங்க. அங்க சொல்ற பதில் ஹன்சார்ட்ல, அதாவது சட்டமன்றப் பேச்சுப் பதிவுல, ஏறிடும், அப்புறம் மாத்திப் பேசுறது கஷ்டம்.

பினாங்குல 2010 தகவல் சுதந்திரச் சட்டமும் இருக்கு. மாநில இலாகாக்களுக்கு மட்டும்தான் செல்லும். நில அலுவலகத்துல விண்ணப்பிக்கலாம், ஆஸ்பத்திரியில டாக்டர் கணக்குக் கேட்க முடியாது. டாக்டர் பற்றாக்குறை நாடாளுமன்ற ஒய்பிக்கான வேலை, அந்தக் கடிதம் அவருக்கு. அதுலயும் "ரொம்ப லேட்டு"ன்னு மட்டும் எழுதினா குப்பைத்தொட்டிதான். கிளினிக் பேர், தேதி, நம்பர் எடுத்த நேரம், கூப்பிட்ட நேரம், இது நாலும் இருக்கணும்.

ஒய்பி நடத்துற இலவசச் சுகாதார முகாம் பத்தி ஒரே வரி: விரல் நுனியில குத்திப் பார்க்கிற இனிப்பு அளவு எச்சரிக்கை மட்டும்தான், முடிவு இல்ல, அந்தத் தாளை எடுத்துக்கிட்டு கிளினிக்ல 1 வெள்ளி கட்டி ரத்தப் பரிசோதனை செய்யுங்க.

எஸ்டிஆர் (அரசு ரொக்க உதவி) வாங்குற, 40 வயசான எல்லாரும் பெக்கா பி40ங்கிற குறைஞ்ச வருமானக்காரங்களுக்கான உடல்நலப் பரிசோதனைக்கு ஐசியோட (அடையாள அட்டை) போங்க. ரெண்டு தடவை போகணும். முதல் தடவை ரத்தம், சிறுநீர் எடுப்பாங்க, ரெண்டாவது தடவைதான் டாக்டர் முடிவைச் சொல்வார். ரத்தம் கொடுத்ததோட காணாமப் போயிடாதீங்க மக்களே!

[திரையில்: கமெண்ட் பெட்டி]

உங்க தாமான்ல (குடியிருப்புப் பகுதியில) "கிளினிக் வரப்போகுது"ன்னு பலகை மட்டும் நிக்குற நிலம் இருக்கா? இடத்தையும் பலகை வச்ச வருஷத்தையும் கமெண்ட்ல போடுங்க. லாட் நம்பரைக் கண்டுபிடிக்கிறது எப்படின்னு அடுத்த வீடியோவுல பார்ப்போம்.