பூனை, நாய் உள்ள வீட்டில் தொட்டிச் செடிகள்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் முதலில் எல்லோரும் சந்தேகப்படுவது மணி பிளான்ட்டைத்தான். அது விஷச்செடிதான். ஆனால் பெரும்பாலும் உயிரை எடுக்காது. இலையிலும் தண்டிலும் ஊசி மாதிரி கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கும். கடித்த உடனே அவை நாக்கில் குத்தும். எச்சில் ஒழுகும், பிராணி வாயைக் காலால் தேய்க்கும். அந்த எரிச்சலிலேயே மேற்கொண்டு தின்னாமல் விட்டுவிடும். டைஃபன்பேக்கியா, சிங்கோனியம், பீஸ் லில்லி எல்லாம் இதே ரகம். ஈரத்துணியால் வாயைத் துடைத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் வையுங்கள். நாக்கு வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

உண்மையான ஆபத்து பூங்கொத்தில் வரும் ஆசியாடிக், ஓரியன்டல் லில்லிகளில்தான். பூனை உள்ள வீட்டுக்குள் அவை வரவே கூடாது. இலையைத் தின்ன வேண்டும் என்றில்லை. ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலோ ஜாடித் தண்ணீரைக் குடித்தாலோ போதும், சிறுநீரகம் கெட்டுவிடும். முதல் சில மணி நேரம் வாந்தி எடுக்கும். பிறகு தேறிவிட்டதுபோலத் தெரியும். பலர் ஏமாறுவது இங்கேதான். ஒன்றிலிருந்து மூன்று நாளில் சிறுநீரகம் செயலிழக்கும். 18 மணி நேரத்துக்குள் டிரிப்ஸ் ஏற்றத் தொடங்கினால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. மகரந்தம் ஒட்டியிருந்தால் நக்க விடாமல் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.

நாய்களுக்கு, குட்டைப் பனை போலிருக்கும் சைகஸ் செடி மோசமானது. கல்லீரலைத் தாக்கும், அதிலும் விதை கொடியது. அரளியும் அடீனியமும் இதயத் துடிப்பைக் குலைக்கும். பால்கனியில் செங்காந்தள் வைத்திருப்பவர்கள் மண்ணைத் தோண்டும் நாய்க்கு அதன் விஷக் கிழங்கு எட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செடியைச் சரிபார்ப்பவர்கள் உரத்தை மறந்துவிடுகிறார்கள். எலும்புத்தூள் வாசனைக்கு நாய் தொட்டியையே கிளறித் தின்னும். மொத்தமாகத் தின்றால் வயிற்றில் கட்டியாக இறுகி அடைத்துக்கொள்ளும். ஆமணக்குப் புண்ணாக்கில் ரிசின் என்ற கொடிய விஷம் மிஞ்சியிருக்கலாம். இந்த இரண்டையும் கலந்து போடுவதைப் போல ஆபத்து வேறில்லை, வாசனை இழுக்கும், விஷம் உள்ளே போகும். நன்கு மக்கிய மண்புழு உரம் போதும்.

தொங்கும் தொட்டி பூனைக்குத் தடையல்ல. ஜன்னல் திட்டு, ஃபிரிட்ஜ், அலமாரி எதிலிருந்தும் தாவ முடியாத இடத்தில் கொக்கி அடித்து, கொடியை அடிக்கடி வெட்டிவிடுங்கள். தொட்டி மண்ணைப் பூனை கழிப்பிடமாக்கினால் இரண்டு அங்குலக் கூழாங்கற்களைப் பரப்பலாம். கல்லைக் கவ்வும் குட்டிநாய் இருந்தால் கல் வேண்டாம், கம்பிவலை போடுங்கள்.

பயமில்லாமல் வைக்க அரிக்கா பனை, ஸ்பைடர் பிளான்ட், கலாத்தியா, பாஸ்டன் ஃபெர்ன் இருக்கின்றன. பூனைக்கென்றே கோதுமைப் புல்லும் வளர்க்கலாம். கோதுமையை இரவு முழுக்க ஊறவைத்து, இரண்டு அங்குல மண்ணில் தூவி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் பத்து நாளுக்குள் கடிக்கத் தயார். மஞ்சளானதும் புதிதாகப் போடுங்கள்.

எதையாவது தின்றுவிட்டால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; ரத்தத்தில் உப்பு ஏறி அதுவே ஆளை வீழ்த்திவிடும். மிச்சமுள்ள இலையை ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். எப்போது தின்றது, எவ்வளவு தின்றது, எத்தனை கிலோ எடை, இந்த மூன்றையும்தான் மருத்துவர் முதலில் கேட்பார்.