அந்த மூவர் வரிசை எப்போது வந்தது?

நண்பர்களே, சமூகவியல் பாடநூல் எதைத் திறந்தாலும் முதல் அத்தியாயத்திலேயே மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள்: மார்க்ஸ், டர்கைம், வேபர். ஆரம்பத்திலிருந்தே இந்த வரிசை இருந்ததாக நானும் வெகுநாள் நம்பினேன். ஆனால் அது பிற்பாடு கட்டப்பட்ட வரிசை.

1937-இல் அமெரிக்கச் சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸ் ஒரு தடித்த கோட்பாட்டு நூலை வெளியிட்டார். அதில் அவர் முன்னிறுத்திய நால்வர் மார்ஷல், பரேட்டோ, டர்கைம், வேபர். மார்க்ஸுக்கு அந்த வரிசையில் இடமில்லை. 'இப்போது ஸ்பென்சரை யார் படிக்கிறார்கள்?' என்று வேறொருவர் கேட்ட கேள்வியை மேற்கோள் காட்டித்தான் நூலே தொடங்குகிறது. ஒரு தலைமுறைக்கு முன்னால் பல நாடுகளில் விரும்பிப் படிக்கப்பட்ட ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஸ்பென்சர்! பார்சன்ஸ் தன் கோட்பாட்டுக்கு முன்னோர்களைத் தேடினார். அந்தத் தேடலே பலருக்குத் துறையின் வரலாறாகிவிட்டது. 1971-இல் பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஆந்தனி கிடன்ஸ் மார்க்ஸ், டர்கைம், வேபர் மூவரையும் ஒரே நூலில் சேர்த்து எழுதினார். மூவர் வரிசை நிலைபெற்றது ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான்.

1997-இல் ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் ரேவின் கானல் இந்தக் கதையையே கேள்விக்குள்ளாக்கினார். தொடக்ககாலச் சமூகவியலாளர்களின் கண், பேரரசுகள் ஆண்ட மக்கள்மீதும் 'முன்னேறியவர்', 'பின்தங்கியவர்' என்ற பாகுபாட்டின்மீதும் இருந்தது என்பது அவருடைய வாதம். மூலவர்கள் பட்டியல் வந்தபோது அந்தப் பக்கம் மறைந்துபோனது. எனக்கு அந்த வாதத்தின் பெரும்பகுதி சரியென்றே படுகிறது.

சிலர் 14-ஆம் நூற்றாண்டின் அரபு வரலாற்றாசிரியர் இப்னு கல்தூனை முதல் சமூகவியலாளர் என்கிறார்கள். மேதைதான், மறுக்கவில்லை. ஆனால் அதுவும் நம் தேவைக்கு ஒரு முன்னோரைத் தேடிப் பிடிக்கும் அதே பழக்கம்தானே?

என்னை மிகவும் உறுத்துவது அமெரிக்கக் கறுப்பினச் சமூகவியலாளர் டு போய்ஸின் கதை. 1896-இல், 28 வயதில், பிலடெல்பியாவில் கறுப்பர்கள் அதிகம் வாழ்ந்த ஏழாவது வார்டில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார். யார் எங்கிருந்து வந்தார்கள், என்ன வேலை, என்ன வாடகை என்று தானே கேட்டு எழுதினார். டர்கைம் அரசுப் புள்ளிவிவரங்களைக் கொண்டு தற்கொலை பற்றிய நூலை 1897-இல் வெளியிட்ட அதே காலம் அது. டு போய்ஸின் நூல் 1899-இல் வந்தது. அப்புறம் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில், கையில் காசில்லாமல், ஆண்டுதோறும் ஆய்வுகளை நடத்தினார். கறுப்பர் என்பதால் துறை அவரை ஒதுக்கியது என்று 2015-இல் ஆல்டன் மோரிஸ் ஒரு முழு நூலே எழுதினார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1892-இல் தொடங்கிய சமூகவியல் துறையை வைத்தே அமெரிக்கச் சமூகவியலின் கதையைச் சொல்லிவந்தவர்கள், இப்போது அட்லாண்டாவிலிருந்தும் அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.