வியர்வைக்கு வழிவிடும் துணி

நேயர்களுக்கு வணக்கம்.

விளையாட்டு உடை விற்கும் கடைகளில் இப்போது சில ரீ-சேர்ட்டுகளில் விலைச்சீட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு சீட்டும் தொங்குகிறது. உடலின் சூட்டைச் சீராக்கும் துணி என்று ஒன்றில் எழுதியிருக்கும். சூடேறினால் நிறம் மாறும் என்று மற்றொன்றில் எழுதியிருக்கும். விலை சாதாரண உடையைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். “மகள் ஓட்டப் போட்டிக்கு ஆயத்தமாகிறாள், இதை வாங்கிக் கொடுக்கலாமா?” என்று பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. துணிகளைச் சோதித்துப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் அந்தக் கேள்விக்கு இன்று சற்று விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் துணிகள் நல்ல அறிவியலில் பிறந்தவை. ஆனால், அவற்றுள் பெரும்பாலானவை கொழும்பின் காற்றை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல.

சூட்டைச் சீராக்கும் துணியை எடுத்துக்கொள்வோம். அதன் இரகசியம் மெழுகு. 1980களில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஆதரவில், விண்வெளி வீரர்களின் கையுறைகளுக்காக இந்த ஆராய்ச்சி தொடங்கியது. பரஃபின் வகை மெழுகை மிக நுண்ணிய உறைகளுக்குள் அடைத்து, அந்த உறைகளை நூலுக்குள்ளோ துணியின் மேலோ சேர்த்துவிடுவார்கள். நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால் நூல் இழைகளின் மேல் மீன் சினை ஒட்டியிருப்பதுபோல் அந்த உருண்டைகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் சில பங்குதான் இருக்கும். உடல் சூடாகும்போது மெழுகு உருகுகிறது. பனிக்கட்டி உருகும்போது வெப்பத்தை உள்ளே இழுத்துக்கொள்வதைப் பாடசாலையில் மறைவெப்பம் என்று படித்திருப்பீர்கள். அதுதான் இங்கேயும் நடக்கிறது. உடல் குளிர்ந்தால் மெழுகு மீண்டும் இறுகி, வாங்கிய வெப்பத்தைத் திருப்பித் தருகிறது. பனிமலையில் சறுக்கி விளையாடுபவருக்கு இது அருமையான உதவி. அவர் சறுக்கும்போது உடல் சூடாகும், மேலே போவதற்குக் காத்திருக்கும்போது குளிரும். மெழுகும் உருகி இறுகி வேலை செய்துகொண்டே இருக்கும்.

கொழும்பில் என்ன நடக்கும்? இந்தத் துணிகளில் அதிகம் பயன்படும் மெழுகுகளுள் ஒன்று ஒக்டாடெக்கேன். அது ஏறத்தாழ 28 பாகை செல்சியசில் உருகும். நம்முடைய நகரத்தில் பகல் வெப்பநிலை ஆண்டு முழுவதும் 30 பாகையை ஒட்டியே இருக்கிறது. ஆகவே, உடையை நீங்கள் போடுவதற்கு முன்பே, கொடியில் தொங்கும்போதே மெழுகு உருகி முடிந்துவிட்டது. உருகிய மெழுகு இன்னொரு முறை உருகாது. பகலில் அது மறுபடி இறுகுவதற்கு உடையைக் குளிரூட்டிய அறையில் வைக்க வேண்டும். அப்படி வைத்து எடுத்தாலும் மைதானம் போய்ச் சேருவதற்குள் பஸ்ஸிலேயே உருகிவிடும்.

“அப்படியானால் உயர்ந்த வெப்பநிலையில் உருகும் மெழுகைப் போட்டால் போகிறது” என்று சிலர் சொல்லலாம். அதுவும் இருக்கிறது. ஆனால், இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். ஒரு கிராம் மெழுகு உருகும்போது ஏறத்தாழ 240 யூல் வெப்பத்தை வாங்கும். ஒரு ரீ-சேர்ட்டில் தாராளமாக 20 கிராம் மெழுகு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 4,800 யூல். மணிக்குப் பத்து கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் ஒரு வளர்ந்த மனிதரின் உடல் ஒவ்வொரு செக்கனுக்கும் 700 முதல் 800 யூல் வரை வெப்பத்தை உண்டாக்குகிறது. அதாவது, உடையில் உள்ள மெழுகு முழுவதும் ஓட்டத்தின் முதல் ஆறேழு செக்கன்களுக்கு வேண்டிய வேலையைத்தான் செய்ய முடியும். அதன்பின் அது வெறும் பாரம்.

இதே கணக்கில் வியர்வையை வைத்துப் பாருங்கள். ஒரு கிராம் வியர்வை தோலில் ஆவியாகும்போது 2,400 யூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மெழுகைப்போல் பத்து மடங்கு. ஒரு மணித்தியாலத்தில் ஒரு லீற்றர் வியர்வை முழுவதும் ஆவியானால் செக்கனுக்கு 670 யூல் வரை வெளியேறிவிடும். ஓடுபவரின் தேவையில் பெரும்பகுதி அதிலேயே தீர்ந்துவிடுகிறது. எந்தத் தொழிற்சாலையும் செய்துதர முடியாத குளிர்ச்சி இது. ஒரே ஒரு நிபந்தனைதான்: வியர்வை ஆவியாக வேண்டும். சொட்டிக் கீழே விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை, உடலின் நீரை மட்டும் குறைக்கிறது.

இங்கேதான் கொழும்பின் ஈரக்காற்று குறுக்கே நிற்கிறது. மாலையில் காலிமுகத்திடலிலோ வெள்ளவத்தைக் கடற்கரை வீதியிலோ ஓடுபவர்களின் முதுகைக் கவனித்திருப்பீர்கள். உடை நனைந்து தோலோடு ஒட்டிக் கிடக்கும். வியர்வைக்குக் குறைவில்லை, அது போவதற்கு இடமில்லை. துணி எவ்வளவு இலகுவாக நீராவியை வெளியே விடுகிறது என்பதை அளக்க ஆய்வகங்களில் வியர்க்கும் சூட்டுத் தட்டு ஒன்று இருக்கிறது. அதற்கான சர்வதேசத் தரமுறையில் தட்டும் காற்றும் 35 பாகையில் இருக்கும், காற்றின் ஈரப்பதம் 40 வீதம். கொழும்புப் பிற்பகல் ஒன்றில் 30 பாகையும் 75 வீத ஈரப்பதமும் சாதாரணம். வெப்பநிலை குறைவாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. காற்றில் ஏற்கனவே உள்ள நீராவியின் அழுத்தம் அந்த ஆய்வகத்தில் 2.25 கிலோபாஸ்கல், இங்கே ஏறத்தாழ 3.2 கிலோபாஸ்கல். தோலிலிருந்து நீராவியை வெளியே தள்ளும் விசை இங்கே கால்வாசிக்கு மேல் குறைந்துவிடுகிறது. ஆகவே, சோதனைச் சான்றிதழில் நல்ல புள்ளி வாங்கிய துணி நம்முடைய மைதானத்தில் அதே அளவு உதவும் என்று எதிர்பார்க்க முடியாது.

இனி நிறம் மாறும் துணிக்கு வருகிறேன். இதன் கதை 1991இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இருந்து வந்த ‘ஹைப்பர்கலர்’ ரீ-சேர்ட்டோடு உலகம் முழுவதும் பரவியது. உள்ளங்கையை வைத்து எடுத்தால் கை பட்ட இடம் வேறு நிறத்தில் தெரியும். இளைஞர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் வங்குரோத்தாகிவிட்டது.

நிறம் மாறுவது எப்படி என்பது அழகான வேதியியல். இங்கேயும் நுண்ணுறைதான். உறைக்குள் மூன்று பொருட்கள் இருக்கும்: தனியே இருந்தால் நிறம் காட்டாத ஒரு சாயம், அதற்கு நிறம் கொடுக்கும் மென்மையான ஓர் அமிலம், இரண்டையும் சேர்த்து வைக்கும் மெழுகு போன்ற கரைப்பான். குளிரில் கரைப்பான் இறுகி இருக்கும், சாயமும் அமிலமும் அணைந்து நின்று நிறத்தைக் காட்டும். சூட்டில் கரைப்பான் உருகியதும் அமிலம் சாயத்தை விட்டு விலகும், நிறம் மறையும். ஆறியதும் மறுபடி நிறம் வரும். பார்க்கும்போது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

ஆனால், இந்தச் சாயங்களுக்குச் சூரியன் பகை. புற ஊதாக் கதிர் அவற்றின் மூலக்கூறை உடைத்துவிடும். கொதிநீரில் துவைத்தாலும், சூடான அயன் பெட்டியை அழுத்தினாலும் உறைகள் கெட்டுவிடும். வெயிலில் ஓடி, வெயிலில் காயப்போடும் நாட்டில் இந்த உடையின் ஆயுள் குறுகியதுதான். விளையாட்டுக்காக இதை வாங்குபவர் அதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

இதைவிடப் பாரதூரமான விடயம் ஒன்று இருக்கிறது. நிறம் மாறும் உடை ஆபத்தை முன்கூட்டிச் சொல்லும், பிள்ளை வெப்பத்தால் சோர்ந்தால் பயிற்றுநருக்குத் தெரிந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். தயவுசெய்து அப்படி நம்பாதீர்கள். அந்தச் சாயம் காட்டுவது துணியின் வெப்பநிலையை மட்டும்தான். வெயிலில் சும்மா நிற்கும் பிள்ளையின் சட்டை நிறம் மாறும். ஓடிக் களைத்து, உடலின் உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டிய பிள்ளையின் சட்டை வியர்வையில் நனைந்து குளிர்ந்து, நிறம் மாறாமலே இருக்கலாம். பேச்சுக் குழறல், தடுமாற்றம், வாந்தி, இடம் தெரியாமல் நிற்பது ஆகியவைதான் அடையாளங்கள். அவற்றைக் கண்டால் அம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திராமல் உடனே குளிர்நீரில் உடலை நனைக்கத் தொடங்க வேண்டும்.

கடந்த சில ஆண்டுகளில் வந்த ஆராய்ச்சிகளையும் ஒதுக்கிவிட முடியாது. 2016இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர், உடலிலிருந்து வெளியேறும் அகச்சிவப்புக் கதிரைத் தடுக்காமல் விடும் நுண்துளைப் பொலித்தீன் துணியைக் காட்டினார்கள். 2019இல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தினர், வியர்வையின் ஈரம் பட்டால் இழைகள் நெருங்கி வெப்பத்தை வெளியே விடும், உலர்ந்தால் தடுத்துக்கொள்ளும் துணியைச் செய்தார்கள். 2021இல் சீன ஆய்வாளர்கள், நேர் வெயிலில் பருத்தியைவிட ஏறத்தாழ ஐந்து பாகை குளிர்ச்சியாக உடலை வைத்திருக்கும் துணியை வெளியிட்டார்கள். இவற்றுள் எனக்கு அதிக நம்பிக்கை தருவது மூன்றாவதுதான். காரணம் எளியது. நிழலில் 30 பாகை இருக்கும்போது நம் தோல் கதிர்வீச்சால் இழக்கக்கூடிய வெப்பம் 40 வாட், அதாவது செக்கனுக்கு 40 யூல் அளவுதான். மேசையில் இருந்து வேலை செய்பவருக்கு அது பெரிது, ஓடுபவருக்கு மிகச் சிறிது. வெயிலைத் திருப்பி அனுப்பும் துணியோ நம் நாட்டின் தேவைக்கு நேரே பொருந்துகிறது.

ஆராய்ச்சிகளை விட்டுவிட்டு நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று போட்டுக்கொண்டு ஓடும் உடையைப் பாருங்கள். ஆண்டின் முதல் மாதங்களில் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் நடக்கும். இல்லத்தின் நிறத்தில் ஒரு ரீ-சேர்ட் அடிப்பார்கள். பல இடங்களில் அது தடித்த பொலியெஸ்டர். முதுகில் இல்லத்தின் பெயர், அனுசரணையாளரின் பெயர், இலக்கம் எல்லாம் இறப்பர் போன்ற மையில் ஒரு பெரிய பலகையாக அச்சிடப்பட்டிருக்கும். அந்த அச்சைத் திருப்பி உள்பக்கம் தொட்டுப் பாருங்கள். காற்றும் போகாது, நீராவியும் போகாது. மனித உடலில் அதிகம் வியர்க்கும் இடங்களுள் முதுகு ஒன்று. சரியாக அந்த இடத்தை மூடி முத்திரை வைத்துவிடுகிறோம். 2024இன் தொடக்கத்தில் கடும் வெப்பம் காரணமாகப் பாடசாலைகளின் வெளிக்கள விளையாட்டுகளை மட்டுப்படுத்துமாறு கல்வி அமைச்சே அறிவுறுத்த வேண்டி வந்த நாடு இது. முதுகில் அச்சு இல்லாத, மெல்லிய, துளையுள்ள, வெளிர் நிறத் துணிக்கு விண்வெளித் தொழினுட்பம் எதுவும் தேவையில்லை. இல்லத்தின் நிறத்தைக் கழுத்துப்பட்டியிலும் கை ஓரத்திலும் காட்டினால் போதும்.

இதைச் செய்யத் தெரியாதவர்கள் அல்லர் நாம். ஆண்டுக்கு ஏறத்தாழ 500 கோடி அமெரிக்க டொலருக்கு ஆடை ஏற்றுமதி செய்யும் நாடு இது. கட்டுநாயக்கவிலும் பியகமவிலும் கிளிநொச்சியிலும் நம் பெண்கள் தைக்கும் உடைகளை உலகம் முழுவதும் உடுத்துகிறார்கள். 2019 உலகக் கிண்ணத்தில் நம் கிரிக்கெட் அணி அணிந்த உடை, கடலோரத்தில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவிலிருந்து இங்கேயே செய்யப்பட்டது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஆடைப் பொறியியலுக்கென்று ஒரு துறை இருக்கிறது. ஹோமாகமவில் நனோ தொழினுட்ப நிறுவகம் இருக்கிறது. நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. வெளிநாட்டுத் தரமுறைப்படி சோதிப்பதோடு, 30 பாகை, 75 வீத ஈரப்பதம் என்ற நம் காற்றிலும் ஒருமுறை சோதித்து, அந்த எண்ணை நம் நாட்டில் விற்கும் உடையின் சீட்டில் அச்சிடுங்கள். மெழுகு சேர்த்த துணி என்றால் அது எத்தனை பாகையில் உருகும் என்பதையும் எழுதுங்கள். பணம் கொடுப்பவருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது.

அதுவரை கடையில் நீங்களே செய்யக்கூடிய இரண்டு சோதனைகளைச் சொல்கிறேன். துணியை வாயோடு சேர்த்துப் பிடித்து ஊதிப் பாருங்கள். மறுபக்கம் வைத்த விரலில் காற்று நன்றாகப் படவேண்டும். அடுத்து, உள்பக்கத்தில் ஒரு துளி தண்ணீர் விடுங்கள். கடைக்காரர் சம்மதிக்க மாட்டார் என்றால் வீட்டில் உள்ள உடையில் செய்து பழகிக்கொள்ளுங்கள். சில செக்கன்களில் அந்தத் துளி பரந்து ஐந்து ரூபாய்க் குற்றியைவிடப் பெரிதானால் நல்லது. உருண்டையாக அப்படியே நின்றால் அந்தத் துணி உங்கள் வியர்வையையும் பரவவிடாது. தடித்த பருத்தி தண்ணீரைக் குடித்துவிடும், ஆனால் விடாது. நடப்பதற்கு அது போதும், நீண்ட ஓட்டத்துக்கு ஆகாது.

வாங்கிய பின் துவைப்பதிலும் கவனம் வேண்டும். துணியை மிருதுவாக்கும் வாசனைத் திரவத்தை விளையாட்டு உடைக்குப் போடாதீர்கள். அது இழைகளின் மேல் படலமாகப் படிந்து, துளி பரவும் குணத்தைக் கெடுத்துவிடும். சாதாரணத் தண்ணீரில் துவைத்து நிழலில் காயவிட்டால் போதும்.

நன்றி. வணக்கம்.